உறவு முறை

எங்கள் ஊருக்கு லாயாங் லாயாங் என்று பெயர்.
கைப்பேசியில் அடித்தால்
சில நேரம் வேறொன்று வந்து நிற்கும்:
தென்சீனக் கடலில் ஒரு தீவு.
ஓடுபாதை இருக்கிறது, கடற்படை இருக்கிறது,
பறவைகள் நிறைய.
அது என்னுடையது என்று பல நாடுகள் சொல்கின்றன.
எங்களை அப்படி யாரும் கேட்டு வந்ததில்லை,
செம்பனைக் கம்பெனியைத் தவிர.

சம்பளம் போட்ட மறுநாள், ஞாயிறு.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் லோம்போக், மதுரா, டாக்கா, ஜனக்பூர்.
குலை தள்ளிக் காய்த்த விரல்கள்
நோட்டை எண்ணும்போது மட்டும்
மெதுவாகின்றன.

கொன்ராதுஸ் பெரே, மூன்றாம் டிவிஷன்.
மாதம் தவறாமல் அறுநூறு வெள்ளி,
அத்தம்புவாவில் இருக்கும் அண்ணனுக்கு.
அண்ணன் பாதியை டாலராக மாற்றி
சந்தை நாளில் ஆற்றங்கரைக்குப் போய்த்
தங்கையிடம் கொடுப்பார்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு.
தீவு என்னவோ ஒன்றுதான்.

"அண்ணனுக்குக் கால் வீங்கிருச்சு, காக்.
அவ பாதிய இந்தத் தடவ
நேரா அவளுக்கே அனுப்பிருங்க."

கணினியில் நாடுகளை உருட்டினேன்.
தாய்லாந்துக்கு அடுத்து துருக்கி.
நடுவில் ஒன்றும் இல்லை.
"உங்க தங்கச்சி நாடு இதுல இல்லையே."
"இருக்குது," என்றார்,
நான் ஏதோ வதந்தி சொன்னது மாதிரி.

ரசீதைத் திருப்பி ஒரு முதலை வரைந்தார்.
"இதுதான் தீமோர். முதுகு மேலதான் எல்லாரும் இருக்கோம்."
வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு.
பிறகு தன் பக்கத்திலேயே, கோட்டைத் தாண்டி,
சின்னதாக ஒரு கட்டம்.
பேனா மை சிந்திவிட்டது என்று நினைத்தேன்.
"இதுவும் அவங்களுது. மூணு பக்கம் நாங்க, ஒரு பக்கம் கடலு."

வரிசையில் மதுராக்காரர் இருமினார்.

"ஓட்டுப் போட்ட வருஷம் வீடெல்லாம் எரிஞ்சது.
எனக்கு ஒம்பது வயசு. அவ அம்மா இடுப்புல.
லாரியில எனக்கும் அண்ணனுக்கும்தான்
எடம் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார்.
மீதியை நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரரும் தினம் ஒரு தீவுக்குத்தான் போகிறார்.
மூன்றரைக்கு மோட்டாரை எடுத்தால்
பாலத்தில் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி
முகத்தைக் காட்ட வேண்டும்.
பக்கத்திலேயே குழாயில் ஜொகூர்த் தண்ணீர் போகிறது,
அதை நிறுத்தி யாரும் முகம் கேட்பதில்லை.
அதன் விலைக்கு அவ்வப்போது
இரண்டு அரசாங்கமும் முறைத்துக்கொள்ளும்.
தயாபரனின் தூக்கத்துக்கு விலை பேச
நான் ஒருத்திதான்,
அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"மணி என்ன காக்?"
"நாலே முக்கால்."
"அண்ணன் வீட்லயும் நாலே முக்கால்.
அவ வீட்ல அஞ்சே முக்கால்."

இங்கிருந்து இவ்வளவு கடல்.
கடந்து போயும் அண்ணன் வீட்டுக் கடிகாரம் மாறவில்லை.
அந்த ஆறு எவ்வளவு பெரிது என்று கேட்டேன்.
"வெயில் காலத்துல," என்று குனிந்து
முழங்காலைத் தொட்டுக் காட்டினார்.

கடைசியில் பழையபடிதான்.
பெறுபவர்: அண்ணன்.
உறவு: சகோதரன்.
காரணம்: குடும்பச் செலவு.
"கீழ எழுதுங்க, பாதி பிலோமினாவுக்குன்னு."
கட்டத்துக்கு வெளியே எழுதினால்
மெஷின் எடுக்காது என்றேன்.
"மெஷினுக்கு இல்ல. அண்ணனுக்குத் தெரியும்.
எனக்கு."

அவர் பிரதியில் எழுதிக் கொடுத்தேன்.
முத்திரையை அழுத்திக் குத்தியதில்
மை தாளைத் தாண்டி ஊறி
மறுபக்கத்து முதலையின் வயிற்றில் இறங்கியது.
கோடு எது, மை எது என்று
எனக்கே தெரியவில்லை.
மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்து மதுரா.